கொதியிழப்பா, சுண்டுவளியா?

அனைவருக்கும் வணக்கம்.

நீர்மமாக்கிய இயற்கை எரிவாயுவை (எல்என்ஜி) ஏற்றிச் செல்லும் கப்பல்களில், சரக்கிலிருந்து தானாக ஆவியாகிக் கிளம்பும் வாயுதான் 'பாயில்-ஆஃப் கேஸ்'. அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக ஐயா ஒருவர் முன்வைத்த 'கொதியிழப்பு' எனக்கு ஒப்பவில்லை. 'கொதி' சரி. மைனஸ் 162 டிகிரி செல்சியஸில் அந்தச் சரக்கு உள்ளபடியே கொதிக்கத்தான் செய்கிறது. தகராறெல்லாம் 'இழப்பு' மேல்தான்.

அந்த அளவுக்குக் குளிர்வித்து நீர்மமாக்கினால் இயற்கை எரிவாயுவின் பருமன் சுமார் அறுநூறில் ஒரு பங்காகிவிடும். வெளிநாட்டுக் குழாய் ஏதும் வந்து சேராத ஜப்பானும் தைவானும் தென் கொரியாவும் இப்படித்தான் கப்பலில் வாங்குகின்றன. தொட்டிக்கு எவ்வளவு காப்புப் போட்டாலும் வெளி வெப்பம் கசிந்து உள்ளே வந்துவிடும். நாளொன்றுக்குச் சரக்கில் ஏறத்தாழ 0.1 விழுக்காடு ஆவியாகும். 1,74,000 கனமீட்டர் கப்பல் என்றால் தினமும் 174 கனமீட்டர். கத்தாரின் ராஸ் லஃபான் துறைமுகத்தில் ஏற்றியது ஜப்பான் போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். ஆனால் அந்த ஆவியை எரித்துத்தான் பெரும்பாலான கப்பல்களின் எந்திரமே ஓடுகிறது. எரிபொருளுக்கு 'இழப்பு' என்று பெயர் வைப்பதா?

என் பரிந்துரை 'சுண்டுவளி'. சரக்கில் கலந்திருப்பவற்றில் முதலில் கிளம்புவது நைட்ரஜனும் மீத்தேனும். ஈத்தேனும் புரொப்பேனும் தொட்டியிலேயே தங்கிவிடும். ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கிறதல்லவா, அதுபோல நாளாக ஆக மிச்சச் சரக்கின் வெப்ப மதிப்பு, அதாவது அதே பருமனை எரித்தால் கிடைக்கும் வெப்பம், ஏறுகிறது. அதனால்தான் இறக்கும் துறைமுகத்தில் மாதிரி எடுத்துப் பார்த்து, பருமனுக்கு அல்லாமல் வெப்ப ஆற்றலுக்குக் காசு கணக்கிடுகிறார்கள். அளவு குறைவது, மிச்சம் செறிவது இரண்டையும் 'சுண்டுதல்' ஒன்றே சொல்லிவிடுகிறது. 'ஆவியாதல்' முதல் பாதியோடு நின்றுவிடும்.

"சுண்டுவது பானையில் இருப்பது, மேலே போகும் வளி அல்லவே" என்று யாராவது கேட்பீர்கள். வினைத்தொகையில் நிலைச்சொல்லின் வினையைப் பின்வரும் பெயர்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. குடிநீரில் நீரா குடிக்கிறது?

'சுண்டல்வளி' என்று மட்டும் நீட்ட வேண்டாம், மெரினா மணம் வந்துவிடும்.

அடுத்தது 'ஹீல்'. சரக்கை இறக்கிய பிறகும், திரும்பும் வழியில் தொட்டி குளிர்ந்தே இருக்கட்டும் என்று அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார்களே, அது. தயவுசெய்து யாரும் 'குதிகால்' என்று ஆரம்பிக்காதீர்கள்.