ஜெர்மன் சேமிப்பு ஸ்டாம்ப் கையில் சிக்கியவர்கள் வாருங்கள்

சுருட்டுப்பெட்டி:
முதலில் நான். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு பழஞ்சாமான் சந்தையில் சுருட்டுப் பெட்டி நிறைய ஸ்டாம்ப், எட்டு யூரோ. அடியில் மடித்த ஓர் அட்டை, கட்டங்களில் ஸ்டாம்ப், ஒவ்வொன்றிலும் 5 ரைக்ஸ்மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்). மிஷெல் என்ற ஜெர்மன் தபால்தலைக் கேட்லாக்கை ராத்திரி இரண்டு மணி வரை புரட்டினேன், இருந்தால்தானே! அப்புறம்தான் அட்டையில் 'காடேஎஃப் வாகன்' (பின்னாளில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஆன கார்) என்றிருப்பது கண்ணில் பட்டது. 1938இல் நாஜிகள் 'வாரம் 5 மார்க் போடு, 990 மார்க்கில் கார்' என்று தொடங்கினார்களே, அதுதான்; கட்டும் ஒவ்வொரு 5 மார்க்குக்கும் ஒரு ஸ்டாம்ப். 3 லட்சம் பேருக்கு மேல் பணம் கட்டினார்கள், ஒருவருக்கும் கார் வரவில்லை. என் அட்டையில் 31 ஸ்டாம்ப். கடைசி ஒன்று மட்டும் கோணலாக ஒட்டியிருக்கிறது, அதற்குப் பிறகு வெறும் கட்டம். எப்போது எடுத்தாலும் அந்தக் கோணல் ஸ்டாம்பில்தான் கண் போய் நிற்கிறது.

டோர்ட்மண்ட்காரன்:
மேல்மாடியில் இருந்த ஜெர்மன் அம்மா வீடு மாறும்போது ஒரு கட்டுச் சின்னப் புத்தகங்கள் தந்தார். உள்ளே முழுக்கக் கடை முத்திரைகள், ரபாட்மார்க்கன். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒரு பக்கத்தை வெந்நீரில் போட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் ரோஸ் நிறம், முத்திரை வெள்ளைக் கடதாசி. பிறகுதான் அவரிடம் கேட்டேன். 50 மார்க்குக்குச் சாமான் வாங்கினால் ஒரு புத்தகம் நிரம்புமாம், கொண்டுபோய்க் கொடுத்தால் கடையில் 1.50 மார்க் தருவார்களாம். நான் தண்ணீரில் போட்டதை அவருக்குச் சொல்லவில்லை.

பழைய ஆல்பம்:
டோர்ட்மண்ட் தம்பி, அது சேமிப்பு இல்லை, தள்ளுபடி. 3 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று 1933இல் போட்ட சட்டம் 2001 வரை இருந்தது. நானும் ஒருமுறை அட்டையிலிருந்து ஸ்டாம்பை வெட்டி எடுத்துக் கெடுத்தவன்தான், அதனால் சொல்கிறேன்: வெட்டாதீர்கள், ஊறவைக்காதீர்கள், அட்டையோடு இருந்தால்தான் அது என்னவென்றே தெரியும். முதலில் நாட்டின் பெயர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் தபால்தலையாக இருக்க வாய்ப்பு குறைவு. அப்புறம் நாணயம். ரைக்ஸ்மார்க் என்றால் 1924க்கும் 1948க்கும் நடுவில். டிஎம் (டாய்ச் மார்க்) என்றால் அதற்குப் பிறகு, ஆனால் மேற்கு ஜெர்மனி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம், கிழக்கிலும் 1964 வரை அதே பெயர்தான். எம்டிஎன் என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிழக்கு, 1964 முதல் 1967 வரை. ரோமன் எண்ணில் கூலி வகுப்பு போட்டு, மேலே பேனாவால் தேதி எழுதியிருந்தால் அது தொழிலாளர் முதுமைக் காப்பீட்டுச் சந்தா, 1891இல் தொடங்கியது. அதையும் சேமிப்பு என்று விற்கிறார்கள். கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள்.

டோர்ட்மண்ட்காரன்:
அண்ணா, இந்த முத்திரைகளை வெளியிட்ட கடைக்காரர் சங்கங்களின் பெயரே ரபாட்-ஷ்பார்-ஃபெராய்ன். ரபாட் என்றால் தள்ளுபடி சரி, ஆனால் ஷ்பார் என்றால் சேமிப்பு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நீலப்பொடி:
உங்கள் சண்டை நடக்கட்டும். குட்டியாக நீல நிறத்தில் 2 ஃபென்னிக் (மார்க்கின் சில்லறை), 'நோட்ஓப்ஃபர் பெர்லின்', அதாவது பெர்லினுக்கு அவசர உதவி என்று எழுதியிருக்கும். சேமிப்பு ஸ்டாம்ப் என்று நினைத்து இரண்டு வருஷம் சேர்த்தேன். கடைக்காரரிடம் கொண்டுபோனால் மனுஷன் பேசாமல் மேசையடியிலிருந்து ஒரு ஷூ பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினார், விளிம்பு வரை அதேதான். 1948இலிருந்து 1956 வரை தபாலில் கட்டாயமாக ஒட்டிய வரியாம். என்னிடம் ஒரு டப்பா இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?