புதுப்பிப்பு: புல்தரை வட்டங்கள், பூஞ்சைதான்

புல்தரையில் உள்ளங்கையைவிடச் சிறிய வைக்கோல் நிற வட்டங்கள் தோன்றுகின்றன, பூச்சியா பூஞ்சையா என்று முன்பு கேட்டிருந்தேன். பூஞ்சைதான், டாலர் ஸ்பாட் நோய். விடியற்காலையில் பனி உலர்வதற்குள் குனிந்து பார்த்தபோது வட்டங்களின் மேல் மெல்லிய வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. வெயில் ஏறியதும் மாயம். இலையைக் கிள்ளிப் பார்த்தால் உடுக்கை போல இடை ஒடுங்கிய வெளிறிய புள்ளி, ஓரங்களில் செம்பழுப்புக் கோடு.

நைட்ரஜன் குறைந்த புல்லைத்தான் இது எளிதில் பிடிக்கும். ஆகவே மெதுவாகக் கரையும் நைட்ரஜன் உரத்தை அளவாக இட்டு, அதிகாலையில் மட்டும் நீர் பாய்ச்சுகிறேன். புதுத் தளிர் கறையை மூடி வருகிறது. புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லிப் புட்டியை இன்னும் திறக்கவில்லை.

பிரவுன் பேட்ச் என்ற வேறொரு பூஞ்சை நோய் என்று ஊகித்த நண்பர்களே, உங்கள் தரையில் அதுவாகவே இருந்தால் இந்த வைத்தியம் வேண்டாம். மிகுந்த நைட்ரஜன் அந்நோயைக் கொழுக்க வைக்கும்.