கிட் புஷ்: டோக்கன் கேட்காமலே 403 வருகிறது

கேள்வி
ஒரே கணினியில் அலுவலகம், சொந்தம் என இரண்டு கிட்ஹப் கணக்குகள். சொந்த ரெப்போவுக்கு (கோட் களஞ்சியத்துக்கு) ஹெச்டிடிபிஎஸ் வழியாக புஷ் கொடுத்தால் (மாற்றங்களை அனுப்பினால்), அலுவலகக் கணக்கின் பெயரைச் சொல்லி அனுமதி இல்லை என்கிறது. பிழை எண் 403. ரிமோட் முகவரிக்குள் (ரெப்போவின் கிட்ஹப் முகவரி) டோக்கனை (கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தரும் ரகசியச் சரம்) ஒட்டினால் போகிறது. அப்படியே விடலாமா?

பதில் 1
விடாதீர்கள். அந்த டோக்கன் இப்போது டாட்-கிட் கோப்புறையின் கான்ஃபிக் கோப்பில் அப்பட்டமாகக் கிடக்கிறது. டெர்மினல் ஹிஸ்டரியிலும் இருக்கும். முதலில் அதை ரத்து செய்துவிட்டுப் புதியது எடுங்கள். பிறகு, டோக்கன் இல்லாத முகவரியை 'ரிமோட் செட்-யூஆர்எல்' மூலம் திரும்ப வையுங்கள்.

டோக்கன் கேட்காததற்குக் காரணம் கிரெடென்ஷியல் ஹெல்பர், அதாவது உள்நுழைவு விவரங்களைச் சேமித்து கிட்டுக்குத் தரும் துணை நிரல். சர்வர் 401 அனுப்பினால், சேமித்தது தவறு என்று கிட் அதை அழித்துவிட்டு மறுபடி கேட்கும். 403 என்றால் ஆள் சரி, உரிமைதான் இல்லை என்று பொருள், அதனால் அழிக்காது. நாமே அழிக்க வேண்டும்: விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், மேக்கில் கீசெயின், இரண்டிலும் கிட்ஹப் பதிவைத் தேடி நீக்குங்கள்.

பதில் 2
அழித்தால் மட்டும் தீராது. ஹெல்பர் இயல்பாக ஹோஸ்ட் பெயரை மட்டுமே பார்க்கிறது, எனவே நாளை அலுவலக ரெப்போவில் இதே சிக்கல் வரும். முகவரியில் ஹோஸ்டுக்கு முன் பயனர்பெயரும் @ குறியும் சேருங்கள். பெயர் மட்டும்தான், டோக்கன் வேண்டாம். இரண்டு கணக்குகளும் தனித்தனியாகச் சேமிக்கப்படும்.

ஃபைன்-கிரெயின்ட் டோக்கன் (ரெப்போ, உரிமை வாரியாக வரம்பிடக்கூடியது) எடுத்தால் அந்த ஒரு ரெப்போவை மட்டும் தேர்ந்தெடுத்து, 'கன்டென்ட்ஸ்' உரிமையை ரீட் அண்ட் ரைட் ஆக்குங்கள். ரீட் மட்டும் இருந்தால் குளோன் ஆகும், புஷ் ஆகாது. 'ஸ்டோர்' ஹெல்பர் டோக்கனைக் குறியாக்கம் இல்லாமல் கோப்பில் எழுதும், தவிருங்கள். 'கேஷ்' நினைவகத்தில் 900 விநாடி வைத்திருக்கும். கணக்கின் கடவுச்சொல்லை முயலவே வேண்டாம், 2021 ஆகஸ்ட் 13 முதல் புஷ்ஷுக்கு அது செல்லாது.

பதில் 3
இரண்டு கணக்கு என்றால், டோக்கனுக்குப் பதில் சாவிக் கோப்பால் உள்நுழையும் எஸ்எஸ்ஹெச்தான் என் தேர்வு. கணக்குக்கு ஒரு இடி25519 வகைச் சாவி. ஒரே சாவியை இரண்டு கணக்கில் சேர்க்க கிட்ஹப் விடாது. எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் இரண்டு ஹோஸ்ட் புனைபெயர்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் 'ஐடென்டிட்டிஸ்ஒன்லி யெஸ்' போடுங்கள். இல்லையென்றால் ஏஜென்ட் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) கையில் கிடைத்த முதல் சாவியை நீட்டி, வேறு கணக்கில் நுழைந்துவிடும். 22ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் 443 வழியாகவும் போகலாம்.

கேட்டவர்
பயனர்பெயரைச் சேர்த்ததும் டோக்கன் கேட்டது, புஷ் ஆகிவிட்டது. ஆனால் கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) அலுவலக மின்னஞ்சலே தெரிகிறதே?

பதில் 1
அது உள்நுழைவோடு சேர்ந்ததல்ல. அந்த ரெப்போவுக்குள் 'யூசர்.ஈமெயில்' அமைப்பை மாற்றுங்கள், 'குளோபல்' (கணினியில் உங்கள் எல்லா ரெப்போவுக்கும் பொருந்துவது) போடாதீர்கள். ஏற்கெனவே புஷ் ஆன கமிட்டுகள் மாறாது.