சவர் கேஸ் பாகுநிலை: ஒரே சமன்பாடு, ரெண்டு விடை

கேள்வி:
அபுதாபி ஷா வயலின் சவர் கேஸை (ஹைட்ரஜன் சல்பைடு நிறைய கலந்த இயற்கை வாயு) மாதிரியாக வைத்து ஒரு பயிற்சிக் கணக்கு போடுகிறேன். ஹைட்ரஜன் சல்பைடு 23%, கார்பன் டை ஆக்சைடு 10%, மீதி முழுக்க மீத்தேன் என்று வைத்துக்கொண்டேன். வெப்பநிலை 250 டிகிரி ஃபாரன்ஹீட், அழுத்தம் 5000 பிஎஸ்ஐ. வாயுவின் பாகுநிலையைக் கணக்கிடும் லீ-கொன்சாலஸ்-ஈக்கின் சமன்பாட்டில் எனக்கு 0.033 சென்டிபாய்ஸ் (பாகுநிலை அலகு) வருகிறது, கூடப் படிப்பவனுக்கு 0.031. ரெண்டு பேர் எக்செல்லையும் வரி வரியாகப் பார்த்தாச்சு, சமன்பாட்டில் தப்பே இல்லை. யார் சொல்வது சரி?

பதில் 1:
அவர் விச்சர்ட்-அஜீஸ் திருத்தம் (ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகிய அமில வாயுக்களுக்காக மாறுநிலை மதிப்புகளைச் சரிசெய்வது) போட்டிருப்பார், நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள். லீ சமன்பாட்டுக்குள் போவது மூலக்கூறு எடை, வெப்பநிலை, அடர்த்தி மூன்றுதான். அழுத்தம் அடர்த்தி வழியாகத்தான் உள்ளே வருகிறது, அடர்த்திக்கு இசட் காரணி (நிஜ வாயு இலட்சிய வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்) வேண்டும். மாறுநிலை வெப்பநிலை, அழுத்தத்தை வைத்து இசட்டைப் படித்தெடுக்கும் ஸ்டாண்டிங்-காட்ஸ் வரைபடமோ அமில வாயு இல்லாத கேஸுக்குப் போட்டது. உங்கள் கலவைக்குப் போட்டுப் பார்த்தேன்: கலவை விகிதப்படியான சாதாரணச் சராசரியில் மாறுநிலை வெப்பநிலை 439 டிகிரி ரேங்கின், திருத்தினால் 31 குறைந்து 408. மாறுநிலை அழுத்தம் 853 பிஎஸ்ஐ-யிலிருந்து 783. இசட் 0.875 இருந்த இடத்தில் சுமார் 0.93. அடர்த்தி 6% இறங்குகிறது, சமன்பாட்டில் அது அடுக்கில் (எக்ஸ்போனன்ட்) உட்கார்ந்திருப்பதால் பாகுநிலை 7% போய்விடுகிறது.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் 0.031-ஐயும் ரொம்ப நம்பாதீர்கள். 1966-இல் அந்தச் சமன்பாட்டைப் பொருத்திய அளவீடுகளில் ஹைட்ரஜன் சல்பைடே கிடையாது, கார்பன் டை ஆக்சைடும் 3% சொச்சம்தான். பாகுநிலைக்கான இன்னொரு முறையான 1954-இன் கார்-கோபயாஷி-பரோஸ் முறையில் ரெண்டு வாயுவுக்கும் தனித் திருத்தம் உண்டு, அதிலும் ஒருமுறை போட்டு ஒப்பிடுங்கள். ஆனால் அந்தத் திருத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்துப் பாகுநிலைக்கு மட்டும்தான், அழுத்தத்தின் விளைவு அப்புறம் பெருக்கல் விகிதமாக வருகிறது. அங்கேயும் திருத்திய மாறுநிலை மதிப்புகளைத்தான் கொடுக்க வேண்டும். லேபில் அளந்த எண் கிடைத்தால் அதுதான் ராஜா. ஆளைக் கொல்கிற வாயுவை உயர் அழுத்தத்தில் வைத்து அளக்க எத்தனை லேப் முன்வரும், அதனால் அந்த எண்களுக்குப் பஞ்சம்.

கேள்வி கேட்டவர்:
திருத்தம் போட்டதும் எனக்கும் 0.031 வந்துவிட்டது, நன்றி. அவனிடம் விசாரித்தால் இசட் மதிப்பை ஏதோ ஆன்லைன் கால்குலேட்டரில் எடுத்தானாம், திருத்தத்தை அதுவே போட்டிருக்கிறது. விச்சர்ட் யார் என்று அவன் என்னைக் கேட்கிறான்.