பியானோவுக்குள் திருகாணி: எங்கள் குடும்பக் குழுவில்

திருநகர் அத்தை: ஏத்தா மீனா, காலையில் நீ போட்ட ஆடியோவைக் கேட்டேன். என்ன வாத்தியம் அது? நம்ம மதுரை மீனாட்சி கோயிலில் வடக்கு ஆடி வீதி இசைத்தூணைத் தட்டின மாதிரியே இருக்கு.

மீனா: பியானோதான் அத்தை. ஒரே ஆள், ஒரே பியானோ. அமெரிக்காவில் ஜான் கேஜ் என்று ஒருவர் 1946இலிருந்து 1948 வரை எழுதியது. கம்பிகளுக்கு நடுவே திருகாணி, போல்ட், ரப்பர், பிளாஸ்டிக் துண்டு எல்லாம் செருகி வைத்து வாசிக்க வேண்டும்.

சிம்மக்கல் மாமா: பியானோ என்ன விலை! அதுக்குள்ள போய் ஆணியா?

மீனா: முறையாகச் செருகினால் கெடாது மாமா. எந்தக் கட்டைக்கு எந்தப் பொருள், கம்பியில் எத்தனை அங்குலம் தள்ளி வைக்கணும் என்று அட்டவணையே போட்டிருக்கிறார். மொத்தம் 45 கட்டைகள். அதைப் பூட்டி முடிக்கவே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

சிம்மக்கல் மாமா: தாள வாத்தியச் சத்தம் வேணும்னா அதையே வாசிச்சிருக்கலாமே.

மீனா: அவருக்கும் அதுதான் ஆசை. 1940இல் சியாட்டிலில் ஒரு பள்ளியில் நடன வகுப்புக்கு வாசித்துக்கொண்டிருந்தார். சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞர் தன் ஆட்டத்துக்கு இசை கேட்டார். தாளக் குழுவை நிறுத்த மேடையில் இடமே இல்லை, ஒரு பியானோ மட்டும் கிடந்தது. கம்பிமேல் தகரத் தட்டை வைத்துப் பார்த்தார், துள்ளியது. ஆணி வைத்தார், வழுக்கியது. அப்புறம் திருகாணியைச் செருகினார். மரை கம்பியைக் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது.

பெரியப்பா: தாயி, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு? மிருதங்கத்தில் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், தோல்களுக்கு இடையே சின்னச் சின்னக் குச்சி செருகுவோம். கப்பி மிருதங்கத்தில் கல் துணுக்கு. அது இருந்தால்தான் மீட்டு என்கிற அடிக்கு அந்த 'ஜீர்' என்ற நாதம் வரும். இடது பக்கம் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறோம், கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுக்கிறோம். ஒரு குச்சி இடம் மாறினாலும் எனக்குக் கையில் தெரியும். அந்த மனுஷன் நம்ம ஆளுதான்.

மீனா: பெரியப்பா, உண்மையிலேயே அவருக்கு நம்ம பக்கத்து உறவு உண்டு! அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் 1946இல் நியூயார்க் போனார். மிருதங்கம் மாதிரியான வடநாட்டு வாத்தியம் பக்வாஜ், அதை வாசித்தவர். கேஜ் அவருக்கு மேல்நாட்டு இசை சொல்லிக்கொடுத்தார், அவர் கேஜுக்கு நம்ம இசையைச் சொல்லிக்கொடுத்தார். காசு கிடையாது, பாடத்துக்குப் பாடம். ஊர் திரும்பும்போது ராமகிருஷ்ணரின் உபதேசங்கள் அடங்கிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அத்தை கேட்ட இசையே நம்ம நவரசங்களை வைத்து எழுதியதுதான்.

திருநகர் அத்தை: அதான் மனசுக்கு இதமா இருந்துச்சா. பியானோ மட்டும்தானா அவருக்கு?

மீனா: எதையும் விட்டுவைக்கவில்லை அத்தை. மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவுக்குக் கடைசிவரை இசை, அப்புறம் கவிதை, ஓவியம். காளான் என்றால் உயிர். 1959இல் இத்தாலி டிவி வினாடி வினாவில் காளான் பற்றிப் பதில் சொல்லியே பரிசு வாங்கினார். அந்தப் பணத்தில் நடனக் குழுவுக்கு வேன் வாங்கிக்கொடுத்தார்.

சிம்மக்கல் மாமா: வாசிக்காமலே சும்மா உட்கார்ந்து கச்சேரி பண்ணினவரும் இவர்தானே?

மீனா: இவர் எழுதியதுதான். வாசித்தவர் டேவிட் டியூடர், 1952 ஆகஸ்ட் 29, வுட்ஸ்டாக். 4 நிமிடம் 33 வினாடி, மூன்று பகுதி. பியானோ மூடியை மூடித் திறந்துதான் பகுதியைக் காட்டினார். பின்பக்கம் காட்டைப் பார்த்துத் திறந்த அரங்கம் அது. காற்று, கூரையில் மழை, ஜனங்களின் முணுமுணுப்பு. அதையெல்லாம் கேளுங்கள் என்றார் கேஜ்.

பெரியப்பா: அது எனக்கு ஒத்துவரவில்லை. தனி ஆவர்த்தனத்தில் ஒரு நொடி கையை எடுத்தால் அந்த மௌனத்துக்குள் தாளம் ஓடும். தாளமே இல்லாத மௌனத்தை நான் எதில் பிடிப்பது?

மீனா: கேட்கிறவர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அதை விட்டார் பெரியப்பா.

பெரியப்பா: நேரில் பேசுவோம். இப்போ அந்தத் திருகாணிப் பியானோவை முழுசா அனுப்பு.

மீனா: சொனாட்டா என்கிற சின்ன உருப்படிகள் 16, நடுவே 4 இடையிசை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும்.

பெரியப்பா: போகட்டும். சாப்பிட்டுவிட்டு உட்காருகிறேன். நல்ல ஸ்பீக்கர் யார் வீட்டில் இருக்கு?

சிம்மக்கல் மாமா: இங்கதான். வாங்க அண்ணே.