மாட்டின் மீத்தேனைக் குறைக்க எங்கே தொடங்குவது?

கேள்வி:
எட்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கால்நடைகளால் பூமி சூடாகிறது என்று படிக்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. சாணத்தைச் சரியாகக் கையாண்டால் போதுமா? கடற்பாசி கொடுத்தால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
தீவனம் வகுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. சாணத்துக்கு முன்னால் வாயைக் கவனியுங்கள். மாட்டு இரைப்பையின் முதல் பெரிய அறையான பெருவயிற்றில் தீவனம் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைக் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்த்து மீத்தேனாக்குகின்றன. அதில் பெரும்பகுதி ஏப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஒரு மாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 70 முதல் 120 கிலோ. தின்ற ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் பாலாகாமல் இப்படிப் போய்விடுகிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

முற்றிய தட்டையும் வைக்கோலும் மட்டும் போட்டால், ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் கூடும். இளம் பசுந்தீவனம், பயறுவகைத் தீவனம், புண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனம் அளவாகச் சேருங்கள். அப்புறம் சினைப்பிடிப்பு. சினை பிடிக்காமல் வற்றி நிற்கும் மாடும் தினமும் தின்கிறது, ஏப்பம் விடுகிறது. கன்று ஈனும் இடைவெளி நீண்டால் அந்த வாயுவெல்லாம் கிடைக்கிற கொஞ்சப் பாலின் கணக்கில்தான் ஏறும்.

பதில் 2:
கடற்பாசி பற்றி: அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியில் உள்ள புரோமோஃபார்ம் அந்த நுண்ணுயிரிகளைத் தடுக்கிறது. சில சோதனைகளில் மீத்தேன் 80 சதவீதம் வரை குறைந்தது. ஆனால் அந்தப் பொருள் பாலில் கலக்குமா என்ற கேள்வி உண்டு, அதனால் கண்டதையும் வாங்கிப் போடாதீர்கள். 3-நாப் (3-NOP) என்ற, மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கையைக் கறவை மாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதித்தது. அது சுமார் 30 சதவீதம் குறைக்கும். தீவனத்தோடு நாள் முழுக்கக் கலந்து போக வேண்டும் என்பதால் மேய்கிற மாட்டுக்கு ஒத்துவராது.

பதில் 3:
சாணத்தையும் விட்டுவிட வேண்டாம். தண்ணீரோடு குழியில் தேங்கினால் காற்றில்லாமல் மீத்தேன் வரும். சாண எரிவாயுக் கலன் அமைத்தால் அதையே எரிபொருளாக்கலாம். குழாய் கசியாமல் பார்ப்பது முக்கியம்.

கேட்டவர்:
நன்றி. இரண்டு மாடுகள் ரொம்ப நாளாகச் சினை பிடிக்கவில்லை. கலனை அப்புறம் பார்க்கலாமா?

பதில் 1:
ஆமாம், முதலில் அந்த இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தாது உப்பு கொடுக்கிறீர்களா? தினசரித் தீவன அளவையும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.