பாட்டி ரிப்போர்ட் (குடும்பக் குழு)

*சித்தி:* 📷 படம்
அத்தையோட ரிப்போர்ட் வந்துடுச்சு. மெக்னீசியம் 0.78!! போன தடவை 1.9 இருந்துச்சு. பாதிகூட இல்லையே 😟

*பெரியப்பா:* நான் அப்பவே சொன்னேன். அந்த அசிடிட்டி மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா மெக்னீசியம் இறங்கும்னு.

*நான்:* சித்தி, படம் மங்கலா இருக்கு. நம்பர் பக்கத்துல என்ன யூனிட் போட்டிருக்கு?

*சித்தி:* இரு, கண்ணாடி எடுத்துட்டு வரேன்

*சித்தி:* மில்லிமோல் பெர் லிட்டர்

*பெரியப்பா:* பழசு எம்ஜி பெர் டிஎல். இந்தத் தடவை வேற லேப்ல குடுத்தோம்ல.

*நான்:* அப்ப சுகருக்குப் பண்ற மாதிரி 18ஆல வகுக்கணும். 1.9 ÷ 18 = 0.1
ஐயோ, அப்ப ஏழு மடங்கு ஏறியிருக்கா 😳

*அண்ணி:* தம்பி, அந்த கால்குலேட்டரைக் கீழ வைங்க 😂 18 குளுக்கோஸுக்கு மட்டும்தான். அதோட மூலக்கூறு எடை 180. டெசிலிட்டர்ங்கறது லிட்டர்ல பத்துல ஒரு பங்கு, அதனால 180 அங்க 18 ஆகுது. மெக்னீசியத்தோட அணு எடை 24.3. அதே கணக்குல இங்க 2.43. எம்ஜியை 2.43ஆல வகுத்தா மில்லிமோல், திருப்பிப் பெருக்கினா எம்ஜி.

*நான்:* 1.9 ÷ 2.43 = 0.78
அட!

*சித்தி:* அப்ப குறையவே இல்லையா?

*அண்ணி:* இம்மியும் குறையல சின்ன அத்தை. அதே அளவுதான், வேற யூனிட்ல வந்திருக்கு.

*பெரியப்பா:* எனக்குப் போன வருஷம் 1.6 வந்துச்சு. 1.7க்குக் கீழ போனா கம்மின்னு எங்கயோ படிச்சேன். யார்கிட்டயும் சொல்லல.

*அண்ணி:* பெரிய மாமா, யூனிட்?

*பெரியப்பா:* எம்இக்யூ பெர் எல்னு இருக்கு

*அண்ணி:* அது மூணாவது யூனிட், மில்லி ஈக்விவலன்ட். மெக்னீசியம் அயனிக்கு ரெண்டு சார்ஜ், அதனால மில்லிமோலை ரெண்டால பெருக்கினா அது வரும். உங்க 1.6ல பாதி 0.8 மில்லிமோல். எம்ஜில 1.94. நீங்க படிச்ச 1.7 எம்ஜி கணக்கு.

*சித்தி:* ஒரு வருஷமா பயந்துக்கிட்டே இருந்தீங்களா மாமா 🤦‍♀️

*பெரியப்பா:* பயமெல்லாம் இல்லம்மா. கவனிச்சுட்டு இருந்தேன்.

*நான்:* 😂😂

*அண்ணி:* கணக்கே போட வேண்டாம்னா ரிசல்ட் பக்கத்துல அந்த லேப் போட்டிருக்கற நார்மல் ரேஞ்சை மட்டும் பாருங்க. லேபுக்கு லேப் அது கொஞ்சம் மாறும். ரத்தம் எடுக்கறப்ப சிவப்பணு உடைஞ்சாலும் நம்பர் பொய்யா ஏறும், அணுக்குள்ள மெக்னீசியம் அதிகம்.

*சித்தி:* அத்தை பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருக்காங்க. "ராத்திரி கெண்டைக்கால் இழுக்குதே, அது எந்த யூனிட்டுனு கேளு"ங்கறாங்க 😄

*அண்ணி:* பாட்டி கேக்கறது சரியான கேள்வி. உடம்புல இருக்கற மெக்னீசியத்துல நூத்துல ஒரு பங்குதான் ரத்தத்துல, மிச்சம் எலும்பு, தசையில. ரத்தத்துல நார்மல்னு வந்தாலும் கால் இழுக்கறதை டாக்டர்கிட்ட சொல்லணும். அசிடிட்டி மாத்திரையையும் அவர்கிட்டயே கேளுங்க, நாமளா நிறுத்த வேண்டாம்.

*சித்தி:* ரெண்டு ரிப்போர்ட்டையும் பையில வச்சுட்டேன். மாமா, உங்களுதையும் குடுங்க.

*பெரியப்பா:* 👍